செங்கல் எல்லாம் பெயர் சொல்லும் கோட்டை வாசல்!

சீன நாட்டில் நான்ஜிங் என்று ஒரு நகரம் இருக்கிறது. பழைய பூகோளப் புத்தகங்களில் "நான்கிங்" என்று போட்டிருக்கும். ஷாங்காய் நகரில் இருந்து மேற்கே சுமார் 300 கிலோமீட்டர். வேக ரெயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

"நான்" என்றால் தெற்கு. "ஜிங்" என்றால் தலைநகர். பெய்ஜிங் வடக்குத் தலைநகர். நான்ஜிங் தெற்குத் தலைநகர்.

இந்த ஊரைச் சுற்றி ஒரு கோட்டைச் சுவர் இருக்கிறது. கட்டி 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சுவரில் உள்ள செங்கற்களை அருகில் போய்ப் பாருங்கள். பல கற்களின் பக்கவாட்டில் எழுத்துகள் இருக்கும்.

என்ன எழுத்து? சாமி பெயரா? சக்கரவர்த்தியின் பெயரா?

இரண்டும் இல்லை. கல் அறுத்த கூலியாளின் பெயர்! சூளையில் சுட்டவனின் பெயர்!

உலகத்தில் எத்தனையோ கோட்டைகள் உண்டு. கட்டிய அரசனின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கல் சுமந்தவனின் பெயர் யாருக்குத் தெரியும்? நான்ஜிங்கில் தெரியும். அந்தக் கோட்டையின் வாசல்களைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

பிச்சை எடுத்தவன் சக்கரவர்த்தி ஆனான்

கோட்டையைக் கட்டியவன் ஜூ யுவான்ஜாங். 1328-ம் ஆண்டு ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவன். அவனுக்கு 16 வயது இருக்கும்போது ஊரில் பஞ்சம் வந்தது. பின்னாலேயே கொள்ளைநோயும் வந்தது. தாய், தகப்பன், மூத்த அண்ணன் மூவரும் அடுத்தடுத்துச் செத்துப் போனார்கள்.

பையன் புத்த மடத்தில் போய்ச் சேர்ந்தான். மடத்திலும் சோறு இல்லை. ஓட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிச்சை எடுத்தான்.

அப்போது சீனாவை ஆண்டவர்கள் மங்கோலியர்கள். அவர்களை எதிர்த்துக் கலகம் நடந்தது. பிச்சைக்காரத் துறவி கலகக்காரர்களோடு சேர்ந்தான். படிப்படியாகத் தளபதி ஆனான். 1356-ல் நான்ஜிங்கைப் பிடித்தான். 1368-ல் சக்கரவர்த்தி ஆனான். அவன் தொடங்கியதுதான் மிங் வம்சம்.

முடி சூட்டுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1366-ல், கோட்டைச் சுவர் வேலை தொடங்கிவிட்டது. முதலில் சுவரை உயர்த்து, தானியத்தைச் சேர்த்து வை, பட்டத்துக்கு அவசரப்படாதே என்று அவனுக்கு ஒரு அறிஞர் யோசனை சொன்னார் என்பது வரலாறு. வேலை 20 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

சுவரின் நீளம் 35 கிலோமீட்டர். 13 வாசல்கள். அதற்கும் வெளியே இன்னொரு சுற்றுச் சுவர். அது சுமார் 60 கிலோமீட்டர்.

பெயர் போட்டது பெருமைக்கு அல்ல

இத்தனை பெரிய சுவருக்குக் கல் எங்கே இருந்து வந்தது? நான்ஜிங்கில் மட்டும் அறுத்தால் போதாது. யாங்சி ஆற்றங்கரை ஊர்களுக்கு எல்லாம் உத்தரவு போயிற்று. இன்ன ஊர் இத்தனை கல் அனுப்ப வேண்டும் என்று கணக்கு. அறுத்துச் சுட்ட கற்களைப் படகில் ஏற்றி ஆற்றோடு அனுப்பினார்கள். மொத்தம் 35 கோடி கல் இருக்கும் என்று ஒரு மதிப்பு சொல்கிறார்கள்.

கல் என்றால் நம் வீடு கட்டுகிற சிறிய கல் அல்ல. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம். அரை முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஒரு கல்லின் எடை 15 முதல் 20 கிலோ. இரண்டு கையாலும் தூக்கினால்தான் தூக்க முடியும்.

ஒவ்வொரு கல்லிலும் பெயர் போட வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. ஜில்லா அதிகாரி பெயர், அவருக்குக் கீழே உள்ள அதிகாரி பெயர், ஊரில் ஆள் திரட்டிய தலைவன் பெயர், சூளைக்காரன் பெயர், கடைசியில் கல் அறுத்த கூலியாள் பெயர். இப்படி வரிசையாக இருக்கும்.

எதற்காக? கல் உடைந்தால் யார் தலையை உருட்டுவது என்று தெரிய வேண்டாமா? அதற்காக! கல் வந்து இறங்கியதும் இரண்டு வீரர்கள் ஆளுக்கு ஒரு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று மோதிப் பார்ப்பார்களாம். மணிபோலச் சத்தம் வர வேண்டும். கல் உடையக்கூடாது. இது ஊரார் சொல்லும் கதை.

எழுத்துகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சில கல்லில் அச்சுப் போட்டது போல அழகான எழுத்து. சில கல்லில் கோணல்மாணலாக, விரல் நடுங்க எழுதிய எழுத்து. எழுதியவருக்கு அவ்வளவுதான் படிப்பு. ஆனாலும் எழுத்து நிற்கிறது. தண்டனைக்காக எழுதச் சொன்ன பெயர், 600 ஆண்டு கழித்து அந்த ஏழையின் ஒரே ஞாபகச் சின்னம் ஆகிவிட்டது.

கற்களை ஒட்டிய சாந்து சுண்ணாம்புச் சாந்து. அதோடு பசைபோல் ஒட்டுகிற ஒருவகை அரிசியைக் காய்ச்சிக் கஞ்சியாகக் கலந்தார்கள். ஏழைகள் கஞ்சிக்குத் தவித்த காலத்தில் சுவருக்குக் கஞ்சி!

பொறியில் அகப்பட்ட எலி

13 வாசல்களில் இன்றும் கம்பீரமாக நிற்பது தெற்கு வாசல். இப்போது அதன் பெயர் ஜோங்ஹுவா வாசல். பழைய பெயர் ஜூபாவ் வாசல். "ஜூபாவ்" என்றால் செல்வம் சேருவது என்று பொருள்.

வெளியே இருந்து பார்த்தால், வளைவு வைத்த ஒரு பெரிய வாசல்தானே என்று தோன்றும். உள்ளே நுழைந்தால்தான் தெரியும். அது ஒரு வாசல் அல்ல. ஒன்றன் பின் ஒன்றாக நான்கு வாசல்கள். ஒவ்வொரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவே மதில் சூழ்ந்த ஒரு முற்றம். ஆக மூன்று முற்றங்கள். மொத்த ஆழம் 128 மீட்டர். அகலம் 118 மீட்டர். வாசல் என்ற பெயரில் அது ஒரு தனிக் கோட்டை!

சண்டை எப்படி நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எதிரி முதல் வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறான். வெற்றி என்று கூச்சல் போடுகிறான். எதிரே பார்த்தால் இன்னொரு வாசல். மூடிக் கிடக்கிறது. திரும்பலாம் என்று பார்க்கிறான். அதற்குள் பின்னால் மேலே இருந்து கனமான கதவு ஒன்று தடால் என்று இறங்குகிறது. முன்னாலும் போக முடியாது. பின்னாலும் போக முடியாது. நாலு பக்கத்து மதில் மேலும் வில்லாளிகள்! பொறியில் அகப்பட்ட எலியின் கதைதான்.

அந்தக் கனக் கதவு இறங்கிய பள்ளத்தை இன்றும் சுவரில் பார்க்கலாம்.

வீரர்கள் எங்கே பதுங்கி இருப்பார்கள்? சுவருக்குள்ளேயே குகைபோல அறைகள் வைத்திருக்கிறார்கள். மேல் தட்டில் 7. கீழ்த் தட்டில் 6. இரு பக்கத்துச் சரிவுப் பாதைகளின் அடியில் பக்கத்துக்கு 7. மொத்தம் 27 அறைகள். இதில் 3,000 வீரர்கள் தங்கலாம் என்று கணக்கு. வெயில் காலத்தில் உள்ளே போனால் குளுகுளு என்று இருக்கும்.

இருபுறமும் உள்ள சரிவுப் பாதை குதிரைக்காக. தளபதி குதிரையை விட்டு இறங்காமலே மதில் உச்சிக்குப் போய்விடலாம். இப்போது சுற்றுலாப் பயணிகள் அதில் மூச்சு வாங்க ஏறுகிறார்கள்.

மண்ணுக்குள் போன அட்சய பாத்திரம்

செல்வம் சேரும் வாசல் என்று பெயர் வந்ததற்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஊரில் ஷென் வான்சான் என்று பெரிய பணக்காரன். அவனிடம் ஒரு பாத்திரம் இருந்ததாம். அதில் ஒரு காசு போட்டால் பாத்திரம் நிறையக் காசு வரும்.

சக்கரவர்த்தி கட்டிய தெற்கு வாசல் கட்டக் கட்ட இடிந்து விழுந்தது. அந்தப் பாத்திரத்தை அடியில் புதைத்தால்தான் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். சக்கரவர்த்தி பணக்காரனைக் கூப்பிட்டான்.

"பாத்திரத்தைக் கொடு. ஐந்தாம் சாமம் அடித்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றான்.

பணக்காரன் நம்பிக் கொடுத்தான். உடனே சக்கரவர்த்தி காவல்காரர்களுக்கு உத்தரவு போட்டான். இனி இந்த ஊரில் ஐந்தாம் சாமம் அடிக்கவே கூடாது! நாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்! பாத்திரம் போனது போனதுதான்.

இது கதை. வாசலுக்கு எதிரே இருந்த மேட்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. அதனால் வாசலுக்கும் அதே பெயர் வந்தது என்பதுதான் வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது. ஆனால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால், ஊர் மக்கள் பாத்திரக் கதையைத்தான் சொல்வார்கள்.

திறந்துவிட்ட கை

ஊரைச் சுற்றி இவ்வளவு காவல். ஆனால் என்ன ஆயிற்று?

1398-ல் சக்கரவர்த்தி இறந்தான். பேரன் பட்டத்துக்கு வந்தான். சித்தப்பன் ஜூ டி அவன் மேல் படை எடுத்தான். 1402-ல் நான்ஜிங் வந்து சேர்ந்தான். வடக்கே ஜின்ச்சுவான் வாசல். உள்ளே இருந்தவர்களே அதைத் திறந்துவிட்டார்கள்! திறந்தவர்களில் ஒருவன் ஜூ டியின் தம்பி. பொறியும் இல்லை, எலியும் இல்லை. அரண்மனை தீப்பற்றி எரிந்தது. இளம் சக்கரவர்த்தி என்ன ஆனான் என்பது இன்று வரை மர்மம்.

அந்த ஜின்ச்சுவான் வாசல் இப்போது இல்லை.

ஜூ டி காலத்தில்தான் நான்ஜிங்கில் இருந்து பெரிய பெரிய கப்பல்கள் கடலுக்குப் போயின. தளபதியின் பெயர் செங் ஹே. 1405-ல் முதல் பயணம். கப்பல் கட்டிய துறை நகரின் வடமேற்கே, மதிலுக்கு வெளியே இருந்தது. அந்தப் பக்கத்து வாசலின் பெயர் யிஃபெங். இடிந்து போன அந்த வாசலை 2006-ல் புதிதாகக் கட்டி இருக்கிறார்கள்.

செங் ஹேயின் ஆட்கள் இலங்கையில் ஒரு கல்வெட்டை நாட்டினார்கள். 1409-ம் ஆண்டு தேதி போட்ட கல். அதில் மூன்று மொழிகள்: சீனம், பாரசீகம், தமிழ்! சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் அல்லாவுக்கு. தமிழில் தேவிநுவரையின் தென்னாவரை நாயனாருக்கு, அதாவது திருமாலுக்கு. கல்லில் உள்ள தேதி கப்பல்கள் சீனாவை விட்டுப் புறப்படும் முன் உள்ள தேதி. அதனால் கல்லை நான்ஜிங்கிலேயே பொறித்து எடுத்து வந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 1911-ல் அது காலி நகரில் கிடைத்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1421-ல் தலைநகர் பெய்ஜிங்குக்குப் போய்விட்டது. நான்ஜிங் இரண்டாம் தலைநகர் ஆயிற்று.

1937 டிசம்பர்

இனி சொல்வது மனதைப் பிழியும்.

1937-ல் சீனாவின் தலைநகர் மறுபடியும் நான்ஜிங். ஜப்பான் படை ஷாங்காயைப் பிடித்துவிட்டு நான்ஜிங் நோக்கி வந்தது. 600 ஆண்டுக்கு முன் வில்லுக்கும் வேலுக்கும் கட்டிய மதிலைப் பீரங்கிகள் தாக்கின. ஜோங்ஹுவா வாசலின் உச்சியில் இருந்த மாடம் அந்தப் போரில் அழிந்தது. இன்றும் வாசலின் உச்சி மொட்டையாகத்தான் இருக்கிறது. தூண்கள் நின்ற அடிக்கல்களை மட்டும் பார்க்கலாம்.

டிசம்பர் 12-ந் தேதி அந்த வாசல் பக்கம் ஜப்பானியர் மதில் மேல் ஏறினார்கள். உயிர் உள்ளவரை ஊரைக் காப்பேன் என்று சொல்லி இருந்த சீனத் தளபதி, அன்று மாலை பின்வாங்க உத்தரவு போட்டுவிட்டு ஆற்றைக் கடந்து போய்விட்டார்.

ஆற்றுக்குப் போகும் வழி வடமேற்கே யிஜியாங் வாசல். எதிரிக்குப் பயந்து அதை மணல் மூட்டை போட்டு அடைத்து இருந்தார்கள். ஒரு குறுகலான வழிதான் மிச்சம். அந்த வழியில் ஆயிரக்கணக்கான வீரர்களும் மக்களும் இரவில் முட்டி மோதினார்கள். பின்வாங்கும் உத்தரவு கிடைக்காத காவல் படை, தப்பி ஓடுகிறார்கள் என்று நினைத்துச் சொந்த வீரர்களையே சுட்டது. விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. அவர்கள் மேலேயே மற்றவர்கள் ஓடினார்கள். எதிரியைத் தடுக்கக் கட்டிய வாசல், தன் மக்களைத் தடுத்தது.

மறுநாள் 13-ந் தேதி ஊர் விழுந்தது. அதன் பின் பல வாரங்கள் படுகொலை நடந்தது. பெண்கள் பட்ட கொடுமைக்கு அளவில்லை. ஜான் ராபே என்ற ஜெர்மானியரும் வேறு சில வெளிநாட்டாரும் ஊருக்குள் ஒரு பாதுகாப்பு வட்டாரம் அமைத்து லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் இறந்தவர்கள் 2 லட்சத்துக்கு மேல் என்று போருக்குப் பின் டோக்கியோ நீதிமன்றம் மதிப்பிட்டது. 3 லட்சம் என்று சீனா சொல்கிறது.

வெளிச் சுவரில் ஜியாங்டோங் என்று ஒரு வாசல் இருந்தது. இன்று வாசல் இல்லை. அந்த இடத்துக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. இறந்தவர்களின் நினைவு மண்டபம் அங்கேதான் இருக்கிறது. 1985-ல் திறந்தார்கள்.

ஒரு மனிதர் எழுதிய கட்டுரை

பீரங்கிக்குத் தப்பிய வாசல்களுக்கு அடுத்த ஆபத்து கடப்பாரை உருவில் வந்தது.

1950-களில் ஊர் வளர்ந்தது. மதில் வழியை அடைக்கிறது என்றார்கள். 1954-ல் பெருமழை பெய்து சில இடங்களில் சுவர் சரிந்தது. இடிக்கத் தொடங்கினார்கள். கல் ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் போயிற்று. மேற்கே மூன்று மலை வாசல் போயிற்று. கப்பல் வடிவில் கட்டிய தோங்ஜி வாசல் போயிற்று. வடகிழக்கே தைபிங் வாசல் போயிற்று. பீரங்கி செய்ய முடியாததைக் கூலியாட்கள் சில ஆண்டுகளில் செய்துவிட்டார்கள்.

அப்போது மாகாணக் கலாசார அலுவலகத்தில் துணைத் தலைவராக இருந்தவர் ஜூ ஷியே. பெர்லினில் பொருளாதாரம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனால் அவருடைய ஆசை எல்லாம் பழைய சின்னங்கள் மேல். 1930-களில் காமிராவைத் தூக்கிக்கொண்டு நான்ஜிங் முழுவதும் நடந்தார். மதில், வாசல், கல்லறை எல்லாவற்றையும் படம் பிடித்தார். 1936-ல் புத்தகமாக வெளியிட்டார்.

1956-ல் மதிலை இடிக்கும் செய்தி அவர் காதுக்கு வந்தது. நேரில் போய்ப் பார்த்தார். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கற்கோட்டைப் பகுதியையும் ஜல்லிக்காக உடைத்துக்கொண்டு இருந்தார்கள். ஜோங்ஹுவா வாசலுக்கும் ஆபத்து நெருங்கியது.

அவர் ஓர் அரசாங்க அதிகாரி. பேசாமல் இருந்திருந்தால் சம்பளம் வந்துகொண்டே இருக்கும். அவர் பேசாமல் இருக்கவில்லை. செப்டம்பரில் நாளிதழில் கட்டுரை எழுதினார். ரேடியோவில் அது ஒலித்தது. மத்திய அரசாங்கத்துக்கும் முறையிட்டார்.

ஜோங்ஹுவா வாசல் பிழைத்தது.

ஆனால் அவர் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1957-ல், "வலதுசாரி" என்று முத்திரை குத்தினார்கள். மதிலைக் காப்பாற்றப் பேசியதும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. பதவி போயிற்று. 1966-ல் கலாசாரப் புரட்சி தொடங்கியது. அவமானமும் வதையும் தாங்க முடியவில்லை. 1968-ல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பழியை நீக்கிப் பிற்காலத்தில் அரசாங்கம் அறிவித்தது. கேட்க அவர் இல்லை.

1988-ல் நான்ஜிங் மதிலை நாடு முழுவதற்கும் உரிய பாதுகாப்புச் சின்னமாகச் சீன அரசாங்கம் அறிவித்தது.

மிச்சம் எத்தனை?

35 கிலோமீட்டரில் இன்று நிற்பது சுமார் 25 கிலோமீட்டர். 13 பழைய வாசல்களில் மிஞ்சியவை நான்கு. ஜோங்ஹுவா ஒன்று. மேற்கே சிங்லியாங் வாசல். சிறியது, கூட்டம் இல்லாதது, உட்கார்ந்து பார்க்க அதுவே நல்லது. அதற்குத் தெற்கே ஹான்ஷி வாசல். பாதி சிதைந்து ஒரு பூங்காவின் நடுவில் இருக்கிறது. வடக்கே ஷென்ஸே வாசல். மற்ற வாசல்களில் முற்றம் உள்ளே இருக்கும். இதில் மட்டும் வெளியே. பல ஆண்டுகள் அதை எண்ணெய்க் கிடங்காக வைத்திருந்தார்கள். யாரையும் கிட்டே விடவில்லை. அதனாலேயே தப்பியது!

யிஜியாங், ஜோங்ஷான், சுவான்வு என்று வேறு வாசல்களும் பார்க்கலாம். அவை எல்லாம் 20-ம் நூற்றாண்டில் போக்குவரத்துக்காகத் திறந்தவை, அல்லது திரும்பக் கட்டியவை.

சீனர்களின் முதல் மாதம் 16-ந் தேதி மதில் மேல் ஏறுவது நான்ஜிங் வழக்கம். அன்று ஏறி நடந்தால் அந்த வருடம் நோய் வராது என்பது நம்பிக்கை. பாட்டி முதல் பேரன் வரை வருவார்கள்.

இன்னொரு செய்தி. 1950-களில் இடித்த கல் எல்லாம் எங்கே போயிற்று? ஒரு பகுதி ஊருக்குள்தான் இருந்தது. வீட்டுச் சுவரில், அடுப்படியில், முற்றத்துத் தரையில் என்று மக்கள் வைத்துக் கட்டிவிட்டார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது அந்தக் கற்கள் வெளியே வருகின்றன. நகராட்சி கேட்டுக்கொண்டதால், மக்கள் அவற்றைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மதிலைப் பழுது பார்க்க அவை பயன்படுகின்றன. கல் வந்து இறங்கியதும் முதலில் அழுக்கைத் துடைத்துப் பக்கவாட்டைப் பார்க்கிறார்கள். எந்த ஊர்க் கல், அறுத்தவன் யார் என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.